ஏச்சு வாங்காத படகு

ஒரே காத்துல ரெண்டு படகு வந்து ஒதுங்குச்சு சங்குமணல் ஊருக்கு, பெருசு ஒண்ணு, சிறுசு ஒண்ணு, ரெண்டும் கெழடு, ரெண்டும் வெள்ளக்காரன் பாய்ப்படகு, ரெண்டுக்கும் அடியில முன்மூக்கு அணியத்துலருந்து பின்னால சுக்கான் வரைக்கும் ஒரே நீட்டா ஓடுற ஏராக்கட்டை, அதாவது முதுகெலும்பு கணக்கா கீழ தொங்குற கனத்த அடிக்கட்டை. இப்ப வாற படகுக்கெல்லாம் அத நறுக்கிச் சின்னதாக்கிட்டானுவ, இதுக ரெண்டுக்கும் அந்தக் காலத்து முழு ஏரா, மணல்ல ஏத்தி வச்சா முட்டு குடுக்காமயே நிக்கப் பாக்கும். பெருசுல ஒரு புருசனும் பொண்டாட்டியும் வந்தாவ, சிறுசுல ஒரு கெழவன் ஒத்தையில வந்தான், மூணு பேரும் கரையில கால வச்ச நிமிசமே இனிமே கடலு வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாவ. பெருச ஐஸ் கம்பெனி மொதலாளி மச்சாது வாங்கிக்கிட்டாரு. சிறுச எவனும் வாங்கல, அந்தக் கெழவன் அதுக்கடியில உக்காந்து சுரண்டிக்கிட்டிருந்த தெக்ளா கையில கயித்தக் குடுத்து, நீயே வச்சுக்கோன்னு சைகை காட்டிட்டு பஸ் ஏறிப் போயிட்டான்.

தெக்ளாவுக்கு வேலையே சுரண்டுறதுதான். படகு அடியில அப்பிக் கெடக்குற கொட்டலசுன்னு ஒரு சிப்பிச் சனியன், அதுமேல வழுக்குற பாசி, அதுக்குள்ள நெளியுற புழு, அதெல்லாம் உளியால பேத்து எடுக்கணும், பேத்தெடுத்தது தலையில விழும், வாயத் தொறந்தா வாயில விழும். அந்த நாத்தத்துல முப்பது வருசம் உக்காந்தும் அவளுக்குச் சிரிப்பு மட்டும் கெட்டுப் போகல. சாமியாரு பிரசங்கத்துல இருமுறது, ஐஸ் அரைக்கிற மிஷினு கல்லு மாட்டுனா கத்துறது, மச்சாது மூக்கால சிரிக்கிறது, எல்லாத்தயும் அப்படியே செஞ்சு காட்டுவா, கரையில வலை பின்னுறவனுவ வயித்தப் பிடிச்சுக்கிட்டு உருளுவானுவ.

அந்த வாய்க்காகத்தான் அவளுக்கு இன்னொரு வேலையும் குடுத்திருந்தாவ. அந்தக் கரையில ஏசாம ஒரு வள்ளத்தயும் தண்ணியில எறக்க மாட்டாவ. தேங்கா ஒடச்சு, சாமியாரு தண்ணி தெளிச்சு, எல்லாம் முடிஞ்ச பொறகு தெக்ளா இடுப்புல சேலையச் செருகிட்டு முன்னால வருவா. "இதென்ன வள்ளமா, எவனோ கழுவாமப் போட்ட கஞ்சிச்சட்டியா? மூஞ்சியப் பாரு, பல்லு வெளக்காத மூஞ்சி! ஒன்ன நம்பிக் கடலுக்குப் போறவன் உப்பு வாங்கப் போறானா, இல்ல உப்பாகப் போறானா?" இப்படிக் கால் மணி நேரம். கண்ணு பட்டுறக் கூடாதுல்ல, அதுக்குத்தான். முடிஞ்சதும் அவளுக்கு மொத வலையில விழுற ரெண்டு மீனு. இது எத்தன தலமுறப் பழக்கம்னு தெரியாது, ஆனா அந்தக் கரையில ஒரு படகயும் ஒருத்தனும் வாயாரப் புகழ்ந்ததே கெடையாது, அதனால புகழ்ந்தா என்னாகும்னும் ஒருத்தனுக்கும் தெரியாது.

மச்சாதுதான் அதச் செஞ்சாரு. பெருசுக்கு வார்னிஷ் அடிச்சு, பித்தளையெல்லாம் தொடச்சு, எறக்குற அன்னைக்கு தெக்ளா சேலையச் செருகிட்டு முன்னால வந்ததும் கையத் தூக்கிட்டாரு. "நாப்பத்திரெண்டு அடிப் படகு இது, ஏழு கடலு பாத்தது, இத கொட்டலசு சுரண்டுற பொம்பள ஏசுறதாக்கும்? ஆளுக்கொரு நல்ல வார்த்தை சொல்லுங்க, போதும்."

ஊரே வரிசையில நின்னு சொல்லுச்சு. சொல்லாம என்ன செய்யும், மச்சாது ஐஸு இல்லன்னா ஒரு ஊரு மீனும் சாயங்காலத்துக்குள்ள கொழகொழன்னு போயிரும். "அரண்மனையில்லா இது," அப்படின்னான் ஒருத்தன். "மொதலாளி மாதிரியே கம்பீரம்," அப்படின்னான் இன்னொருத்தன். தெக்ளா புருசன் இஞ்ஞாசி, ஐஸ் கம்பெனியில வேலை, தேன்ல ஊறுன நாக்கு, பொறந்ததுலருந்து ஒரு ஈயக் கூட ஏசாதவன், அவன் படகத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு, "இதோட நெழலு விழுந்தாலே தண்ணிக்கு மோட்சம்," அப்படின்னான். தெக்ளாவுக்கு அடிவயித்துலருந்து ஒரு ஓங்கரிப்பு வந்துச்சு. முப்பது வருசமா புழுவ வாயில வாங்குனப்பக் கூட வராத ஓங்கரிப்பு.

மறுநாள் காலையில பெருசு தண்ணிக்கு மேல ஒரு விரக்கடை ஏறி நின்னுச்சு.

ஏறுனத மொதல்ல பாத்தது தெக்ளாதான், தண்ணிக் கோடு எங்க இருக்கணும்னு அவ கைக்குத் தெரியும். ஒரு வாரத்துல முழங்கை ஒசரம். ரெண்டு வாரத்துல ஏராக்கட்டையோட பச்சப் பாசி வெயில்ல தெரிஞ்சுது. ஒரு மாசத்துல மொத்தப் படகும் தண்ணிய விட்டு ஏறி, ஆளு ஒசரத்துக்கு மேல, காத்துல ஒதுங்கி, நாலு கயித்துல கட்டுன கடா மாதிரி கரை மணலுக்கு மேல அந்தரத்துல நின்னுச்சு. ஊரு அதுக்காக ஒரு நாளு கூட வேலைய நிப்பாட்டல. தச்சன் லாசரு அதுல ஏறுற ஏணிக்கு வாரம் ரெண்டு படி சேத்து அடிச்சான். ரேஷன் கடை வரிசை அதோட நெழலுக்கு மாறிருச்சு. கருவாடு காயப்போடுற பொம்பளைக அடியில பாய விரிச்சாவ, மேலருந்து பாசித்தண்ணி சளி மாதிரி நூலு நூலா எறங்கி கருவாட்டுமேல சொட்டுச்சு, அவுக கொட மட்டும் பிடிச்சுக்கிட்டாவ. ஏராவுல ஒட்டியிருந்த கொட்டலசு வெயில்ல செத்து அழுகி, ஊரு பூரா ஒரு முடை நாத்தம். "என்ன மணம் மொதலாளி, கடலு மணம்!" அப்படின்னு மூக்க உறிஞ்சுனாவ. அவரு காதுக்கு எட்டாத எடத்துல நின்னுகிட்டும் உறிஞ்சுனாவ, அதுதான் தெக்ளாவுக்குத் தாங்கல.

பெருசப் புகழணும்னா சிறுச ஏசணும், வேற எப்படிப் புகழத் தெரியும் அந்தச் சனத்துக்கு? "பெருசுக்குள்ள நிமிந்து நடக்கலாம், சிறுசுல கூனிக்கிட்டுப் போகணும்." "பெருசுல கக்கூஸ் இருக்கு, சிறுசுல வாளி." "பெருசுக்கு ரெண்டு பாய்மரம், சிறுசுக்கு ஒண்ணு, அதுவும் ஈர்க்குச்சி." இருபத்தாறு அடிச் சிறுசு இந்த ஏச்சயெல்லாம் வாங்கி வாங்கி, தண்ணியில கல்லு மாதிரி கெத்தா உக்காந்துச்சு. தெக்ளா அத வெளிய எடுத்துட்டுப் போனா சுக்கான விட்டுட்டு வெத்தல போடலாம், அது பாட்டுக்கு நூலு பிடிச்ச மாதிரி நேரா போகும். நாயம் பேசணும்னா பெருசும் நல்ல படகுதான், நீளம் கூடுன படகுதான் ஓட்டம் கூட ஓடும், அலையில குலுக்கமும் கொறவு, அத அவளும் ஒத்துக்கிடுவா. ஆனா அதுக்கு மெதக்க ஆறடித் தண்ணி வேணும், சிறுசுக்கு நாலடி போதும். அதுல பாயத் தூக்க ரெண்டு ஆளு, இதுக்கு ஒரு பொம்பள. அதச் சுரண்ட பத்து நாளு, இதுக்கு மூணு. அவ அப்படித்தான் பாப்பா, கையால பாப்பா. ஊரு நாக்கால பாத்துச்சு.

இதெல்லாம் எப்படியோ போயிட்டுப் போகுது, அவ பயந்தது வேற ஒண்ணுக்கு. மாதா திருநாளுக்கு மச்சாது பதினாறு விருந்தாளிகள ஏத்திக்கிட்டு ஊருக்கு எதுத்தாப்ல இருக்குற தீவச் சுத்தி வரப் போறாரு, சுக்கான் பிடிக்கப் போறது இஞ்ஞாசி. அவனுக்கு வெள்ள உடுப்பு, வெள்ளத் தொப்பி. வீட்டுக்குள்ளயே அந்தத் தொப்பியோட சோறு தின்னான்.

"இங்கேருங்க," அப்படின்னா தெக்ளா, "அந்த ஏராக்கட்டை தண்ணியப் பிடிச்சாத்தான் படகு. அந்தரத்துல தொங்குனா அது ஆட்டு வாலு. நேத்து சின்னக் காத்துக்கே நாலு கயித்தயும் முறுக்கிக்கிட்டு ஒரு வட்டம் போட்டுச்சு பாத்தீயளா? கயித்த அவுத்துட்டா அது தீவச் சுத்தாது, எங்கயோ போயிரும், ஒங்களயும் கூட்டிக்கிட்டு."

"ஏளா, எவ்வளவு நல்ல படகு அது! என்னைய விட்டுறாது. மொதலாளிக்கு எம்மேல எவ்வளவு பிரியம் தெரியுமா?"

"அந்தப் படக ஒரு வார்த்தை ஏசிட்டு ஏறுங்க. ஒரே ஒரு வார்த்தை."

"எனக்கு ஏசத் தெரியாதே தெக்ளா," அப்படின்னான் அவன், நெசமாவே தெரியாதுதான்.

மறுநாள் காலையில அவளே போனா. ரேஷன் வரிசை பாத்துக்கிட்டிருக்கும்போதே சேலையச் செருகி, மச்சாது சிரிப்ப மூக்கால சிரிச்சுக் காட்டிட்டு ஆரம்பிச்சா. "ஏ வார்னிஷு பூசுன சவப்பெட்டி! காத்தடிச்சா பறக்குற கோழி றெக்க! ஆறடித் தண்ணி வேணும்னு சொல்லி இப்ப ஆறங்குலம் கூட வேண்டாங்கிற! அடிவயித்துல புழு வச்சுக்கிட்டு மேல பித்தளையத் தொடச்சா நீ ராணியா?" பெருசு ஒரு கை நீளம் சடக்குன்னு எறங்குச்சு, அடியில கருவாடு காயப்போட்டவ கொட நசுங்கிச்சு. வரிசையில ஒருத்தன் சிரிக்கல. சிரிப்ப முழுங்குன சத்தம் மட்டும் கேட்டுச்சு, எச்சி முழுங்குற மாதிரி.

அன்னைக்கே அவ தெருவுக்கு ஐஸு நின்னுபோச்சு. மொத நாளு மீனு கண்ணு வெளுத்துச்சு. ரெண்டாம் நாளு வயிறு வெடிச்சுது. மூணாம் நாளு கூடை கூடையா அழுகி, தெருவுல ஈ கம்பளி போத்துன மாதிரி மொய்க்க, அவ நாத்தனாரு ரெஜினா ஒரு கூடையத் தூக்கிட்டு வந்து தெக்ளா வாசல்லயே கவுத்தா. புழு ஒண்ணு தெக்ளா கால் விரலு மேல ஏறுச்சு.

"மைனி," அப்படின்னா ரெஜினா, "ஒம்ம வாய்க்கு நாங்க ஏன் பட்டினி கெடக்கணும்? ஒரே ஒரு நல்ல வார்த்தை. நெசமாச் சொல்லணும்னு யாரு கேட்டா? நாங்கல்லாம் நெசமாவா சொல்லுதோம்?"

"நெசமில்லாமச் சொன்னாலும் அது ஏறத்தான செய்யுது!"

"ஏறிட்டுப் போவுது மைனி. எம்பிள்ளைக திங்கணும்."

தெக்ளா கால் விரலு மேல இருந்த புழுவ உதறிட்டு ஐஸ் கம்பெனிக்குப் போனா. மச்சாது கம்பெனி வாசல்ல நாக்காலி போட்டு உக்காந்திருந்தாரு. தெக்ளா படகப் பாத்து, "அழகாத்தான் இருக்கு," அப்படின்னா. அவ்வளவுதான். ஊரு பூரா ஒரு மாசம் சொன்னதுக்கு விரக்கடையா ஏறுன படகு, என்னைக்கும் புகழாத அந்த ஒரு வாய்க்கு முழுசா ரெண்டு முழம் ஏறுச்சு. சாயங்காலம் தெருவுக்கு ஐஸு வந்துச்சு. தெக்ளா உப்ப அள்ளி வாயில போட்டு நாக்கத் தேச்சா, உமிஞ்சா, திரும்பத் தேச்சா. அழுகுன மீனு நாத்தம் தண்ணி ஊத்துனா போயிருச்சு, அந்த வார்த்தையோட வழவழப்பு போகல. தன் புருசன அந்தரத்துல தூக்கிப் பிடிக்கிறதுல இப்ப தன் கையும் இருக்குன்னு நெனைக்க நெனைக்க, சோத்தப் பாத்தாலே அவளுக்குக் கொமட்டுச்சு.

திருநாளு காலையில பூசை முடிஞ்சு, வேட்டு போட்டு, பதினாறு விருந்தாளியும் லாசரு ஏணியில மூச்சு வாங்க ஏறுனாவ. கயித்த அவுத்தாவ. ரெண்டு பாய்மரத்துலயும் பாயி விரிஞ்சுது, ஊரே கை தட்டி "ராசா படகு, ராசா படகு" அப்படின்னு கத்துச்சு, கத்தக் கத்த அது ஏறுச்சு, பனை ஒசரம், ரெண்டு பனை ஒசரம், தீவு எந்தப் பக்கம்னு கூடப் பாக்காம மூக்கத் திருப்பி, காத்து இழுத்த இழுப்புக்குக் கெழக்க போக ஆரம்பிச்சுது. இஞ்ஞாசி சுக்கானத் திருப்புறது கரையிலருந்தே தெரிஞ்சுது, வானத்துல எதத் திருப்புறது?

கரையில எல்லாருக்கும் தெரிஞ்சுது. கை தட்டுறத மட்டும் ஒருத்தரும் நிப்பாட்டல. மொதல்ல நிப்பாட்டுறவன் யாருன்னு மத்தவன் பாத்துருவான்ல.

தெக்ளா சிறுசோட கயித்த அவுத்து, ஒத்தையில பாயத் தூக்கி, கழிமுகத்த விட்டு வெளிய வந்தா. சிறுசு வாங்குன ஏச்செல்லாம் ஏராவுல ஈயமா எறங்கியிருந்துச்சு, அலைய அது ஏறித் தாண்டல, கிழிச்சுக்கிட்டுப் போச்சு. அர மணி நேரத்துல பெருசோட நெழலுக்கடியில வந்துட்டா. மேலருந்து பாசித்தண்ணி அவ நெத்தியில சொட்டுச்சு. தொண்டை கிழிய ஏசுனா. எறங்கல. ஏன்னா மேல பதினாறு பேரும் பயத்துல படகத் தடவிக் குடுத்து, "நல்ல படகு, தங்கப் படகு, எங்கள எறக்கி விட்டுரு ராசாத்தி," அப்படின்னு செபமாலை உருட்டுற கணக்கா கெஞ்சிக்கிட்டிருந்தாவ, பயந்து புகழ்ந்தா அது இன்னும் வேகமா ஏறுச்சு.

"புகழாதீய!" அப்படின்னு கத்துனா தெக்ளா. "மூதேவிகளா, வாய மூடுங்க!"

அப்பத்தான் மேல ஆட்டம் கூடுச்சு. தண்ணியில பிடிமானம் இல்லாத படகு தொட்டிலா ஆடும், ஒரே பக்கமா ஆடாது, எண்ணெய்ச் செக்கு மாதிரி சுத்திச் சுத்தி ஆடும். மச்சாது மொதல்ல வெளுத்தாரு, பொறகு பச்சையானாரு, பொறகு காலையில தின்ன ஆட்டுக்கறியும் அப்பமும் பித்தளை மேலயும் வார்னிஷு மேலயும் மடமடன்னு கொட்டிருச்சு. மேல ஒரே அமைதி. கீழ தெக்ளாவுக்கு பாயி படபடக்குற சத்தம் மட்டும் கேட்டுச்சு. யாராவது என்னமாவது சொல்லியாகணும், மொதலாளி மொகத்த எப்படிப் பாக்குறது? அந்த அமைதிக்குள்ள இஞ்ஞாசி குரலு, அதே தேன் குரலு, தெளிவா எறங்கி வந்துச்சு.

"மொதலாளி வாந்தி கூட மணமாத்தான் இருக்கு."

தெக்ளா கண்ண மூடிக்கிட்டா. இருபத்தஞ்சு வருசம் இந்த ஆளோட ஒரே தட்டுல தின்னுருக்கா. இவ்வளவு அருவருப்பா ஒண்ண இது வரைக்கும் அவ காதால கேட்டதில்ல, அடியில படுத்துச் சுரண்டுன அத்தன படகயும் சேத்து வச்சாலும் இவ்வளவு நாத்தம் வராது.

சொன்னவனுக்கே அது பொறுக்கல. சொன்ன வார்த்தை வெளிய வந்ததும், அதுக்குப் பின்னாலயே "ம்ம்" னு ஒரு சத்தம், பொறகு வெள்ள உடுப்பு, வெள்ளத் தொப்பி, சுக்கான் எல்லாத்து மேலயும் இஞ்ஞாசி கொட்டிட்டான். பெருசு ஒரு பனை ஒசரம் தொபுக்குன்னு எறங்குச்சு. அவனப் பாத்து ஒரு விருந்தாளி, அவரப் பாத்து அவரு சம்சாரம், பட்டுச் சேலை, ஜிப்பா, சட்டை, பதினாறு பேரும் கம்பியப் பிடிச்சுக்கிட்டு ஆளுக்கு ஒரு பக்கம் எடுத்தாவ. ஒரு மாசம் தேனாப் பூசுன படகு மேல, மனசுல இருந்தது மொத மொதலா வாய் வழியா விழுந்துச்சு, கீழ சிறுசு மேலயும் மழையா விழுந்துச்சு, தெக்ளா முந்தானையத் தலையில போட்டுக்கிட்டு சுக்கானக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா. பெருசு எறங்குச்சு, எறங்குச்சு, ஏராக்கட்டை தண்ணியத் தொட்டுச்சு, கடிச்சுது, ஆறடியும் உள்ள போயி, தடம் பிடிச்சு நேரா நின்னுச்சு.

ஆனா கரையில கை தட்டு நிக்கல, காத்தோட காதுக்கு வந்துச்சு, "ராசா படகு, ராசா படகு." தெக்ளா பாக்கப் பாக்கத் தண்ணிக் கோடு விரக்கடை ஏறுச்சு.

"ஏசுங்க!" அப்படின்னு கத்துனா. "ஏசிக்கிட்டே போனாத்தான் கரை சேருவீய!"

பதினாறு பேரும் மச்சாது மூஞ்சியப் பாத்தாவ. மச்சாது பாய்மரத்தக் கட்டிப்பிடிச்சு, தாடையில தொங்குனதத் தொடைக்கக் கூட கையில்லாம, "ஏசுங்களேம்பா," அப்படின்னு முனகுனாரு.

"மொதலாளி சொன்னா ஏசாம இருப்பமா!" அப்படின்னு ஒருத்தன் குழைஞ்சான். தெக்ளா கடல்ல துப்புனா.

சிறுச ஒட்டிக் கொண்டாந்து, "குதிங்க," அப்படின்னா புருசனப் பாத்து. அவன் பெருசப் பாத்தான், மொதலாளியப் பாத்தான், தொப்பியப் பாத்தான். தண்ணிக் கோடு இன்னொரு விரக்கடை ஏறுச்சு. "இங்கேருங்க, இப்ப குதிக்கலன்னா நான் திரும்பிப் போயிருவேன்," அப்படின்னா, அவ குரல்ல யாரு குரலும் இல்ல, அவ குரலுதான் இருந்துச்சு. இஞ்ஞாசி குதிச்சான். முட்டி பேந்து, நாறிக்கிட்டு, அவ காலடியில வந்து விழுந்து, சிறுசோட பலகையத் தொட்டுப் பாத்தான். கண்ணு கலங்கிருச்சு. வாயத் தொறந்தான்.

"தெக்ளா, என்ன ஒரு அருமையான..."

அவ வாயப் பொத்தினா, பாசியும் வாந்தியும் காயாத கையால, கெட்டியாப் பொத்தினா. "கரைக்குப் போற வரைக்கும் ஒரு நல்ல வார்த்தை வரக் கூடாது. ஏசுங்க."

கைய எடுத்தா. அவன் யோசிச்சான். நெத்தி சுருங்குச்சு, ஒதடு துடிச்சுது, அம்பது வருசத்துல தொறக்காத கதவத் தள்ளுற மாதிரி தள்ளுனான்.

"இது," அப்படின்னான், "இது ஒரு... குளிக்காத படகு."

சிறுசு அர விரக்கடை எறங்கிக் கனமா உக்காந்துச்சு. "ம், இன்னும்," அப்படின்னா தெக்ளா, சுக்கானக் கரையப் பாத்துத் திருப்பிக்கிட்டே.